கண்ணுக்குக் கீழே ஒரு காரணம்

பெரம்பலூரில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிற ஆள். காலையில் கோலம் போட முடியவில்லை என்றால் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, முதுகு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். எதிர்வீட்டுக்கார அம்மாள் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருப்பார். அவருக்குத் தன் வீட்டு வாசலில் கோலம் இருக்கிறதா என்பதே நினைவில் இருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மாவின் மகன் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். வெள்ளிக்கிழமையில் கறி புழங்காத வீடு அது. கையில் இருந்த கறுப்புப் பையே காட்டிக்கொடுத்துவிட்டது. அவன் கேட்டைத் திறந்து உள்ளே வருவதற்குள் வீட்டுக்காரம்மா தெருவைப் பார்த்து, நாய்க்கு எலும்பு வாங்கி வரச் சொன்னேன் என்று அறிவித்தார். அந்த வீட்டில் நாயே கிடையாது. மறுநாளிலிருந்து தெருமுனையில் படுத்துக் கிடந்த ஒரு செவலை நாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசலில் சோறு வைத்தார். நாய் மேலே உரசினால் குளித்துவிட்டு வருகிற மனுஷி, ஒரு மாதம் போல விடாமல் வைத்தார். நான் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை.

"பாக்குறவங்களுக்கு ஒரு பதில் சொல்லிட்டோம்னா, அது நிக்கிற மாதிரி நாமதாம்மா பாத்துக்கணும்" என்றார்.

அதை நான் போனில் என் கணவரிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் அப்போது சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். மாமியார் வீடு பக்கத்துக் குரும்பலூரில் இருந்ததால் நான் பெரம்பலூரை விட்டு நகர முடியாது. வேலையோ அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

அந்த பஸ்ஸில்தான் ஒரு பங்குனி மாதத்துக் காலையில் எனக்கு அடிபட்டது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று பக்கவாட்டு மண்பாதையிலிருந்து திடுமென ரோட்டில் ஏறியது. டிரைவர் பிரேக் போட்டார். கைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்த நான் முன்சீட்டு இரும்புக் கம்பியில் முகத்தை மோதிக்கொண்டேன். இடது கண்ணுக்குச் சரியாகக் கீழே. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு உடையவில்லை, பார்வைக்கும் பழுதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் கண் மூடிக்கொள்கிற அளவுக்கு வீங்கிவிட்டது.

வீட்டுக்காரம்மா பதறவில்லை. கட்டிலில் தலையை உயர்த்திப் படுக்கவைத்தார். பழைய வேட்டித் துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி, அழுத்தாமல், கண்ணைச் சுற்றி வைத்து வைத்து எடுத்தார். முதலில் ஐஸ், இரண்டு நாள் கழித்துத்தான் வெந்நீர் ஒத்தடம், மாற்றிச் செய்தால் வீக்கம் ஏறும் என்றார். முதலில் நாவல்பழம் போல இருக்கும், பிறகு பச்சையடிக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு போய்விடும் என்றும் சொன்னார். சொன்னபடியே ஒவ்வொரு நிறமாக வந்தது.

என் அம்மா போன பிறகு என் முகத்தை அப்படி ஒருவரும் தொட்டதில்லை. விரல் நுனி பட்டதே தெரியாது. ஒத்தடம் முடிந்ததும் என் தலையை மெதுவாகத் தலையணையில் சாய்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்து உருட்டி ஊட்டுவார். அந்த நாட்களில் அவர் மேல் எனக்கு வந்த பாசம் பொய்யில்லை. பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்த பிறகும் அது முழுதாகப் போய்விடவில்லை என்பதுதான் எனக்கே என் மேல் எரிச்சல்.

இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். மகன் சின்ன வயதில் மரத்தில் ஏறி விழுந்துகொண்டே இருப்பான் என்றார். பதில் தயாராக இருந்தது. அவருடைய இரண்டு கண்களுக்குக் கீழேயும் கரி தேய்த்ததைப் போல அழுத்தமான கறுப்பு உண்டு. அது தங்கள் குடும்பத்து வாகு, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பார். ஹாலில் அவருடைய கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. காலமாகிவிட்ட கணவர் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெண்ணின் கண்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

மகனுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் விக்கிரமங்கலத்துக்காரி, விவசாயக் குடும்பம். வந்த புதிதில் ஓயாமல் பேசும். மாடிக்கு ஓடிவந்து என் பீரோவில் இருக்கும் புடவைகளை எடுத்து விரித்துப் பார்க்கும். சிரித்தால் கீழ்வீடு வரை கேட்கும். மகன் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்த்தான். மரியாதையான பையன். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று, "சாப்டீங்களாக்கா" என்று கேட்காமல் போக மாட்டான்.

அந்த வீட்டில் எனக்குப் புரியாத ஒரு விஷயம் கிரைண்டர். சில நாள் சாயங்காலம், மகன் வேலை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் கீழே கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். ஓடும், ஓடும், மாவு நுரைத்துப் பொங்கி வழிகிற நேரம் தாண்டியும் ஓடும். மறுநாள் காலை வீட்டுக்காரம்மா ஒரு தூக்கு நிறைய மாவு கொண்டுவந்து, நிறைய ஆட்டிவிட்டேன், தோசை ஊற்றிக்கொள் என்று கொடுப்பார். நல்ல மாவு. நானும் தோசை ஊற்றித் தின்றேன். மாவு வருகிற நாட்களில் அந்தப் பெண் மாடிக்கு வருவதில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

சித்திரையில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது கீழ்வீட்டு நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. மருமகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றார் வீட்டுக்காரம்மா. அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். அது ஊர் வழக்கம். விக்கிரமங்கலத்திலிருந்து பெண்ணின் அம்மா இளநீரும் நுங்கும் வாங்கிக்கொண்டு வந்தார். பார்க்க விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த மகளிடம் நாலு வார்த்தை சத்தம் போட்டுப் பேசிவிட்டு, வெயிலில் திரும்பிப் போனார். உள்ளே இருந்து வந்த குரல் எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொன்னது. ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவள் என்ற உரிமையில் நான் வந்து ஒரு பார்வை பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஆத்தா வந்திருக்கிற இடத்துக்கு ஊசி பிடிக்கிற கையோடு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பிறகு முறைப்படி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். தெருவில் நாலு வீட்டுக்குக் கூழ் கொடுத்தார். மறுநாள் அந்தப் பெண் வெளியே வந்தது. முகத்திலும் கழுத்திலும் கையிலும் ஒரு முத்து வந்த அடையாளம்கூட இல்லை. இடது கண்ணுக்குக் கீழே மட்டும் பச்சையும் கறுப்புமாய்க் கிடந்தது.

என்ன ஆயிற்று என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அம்மை அசதியில் புரண்டு படுத்ததில் கட்டில் கம்பி இடித்துவிட்டது என்றார் வீட்டுக்காரம்மா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்னுடையது அப்போது பச்சையெல்லாம் போய் இளமஞ்சளாக மங்கிக்கொண்டிருந்தது. பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்திப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் மொட்டைமாடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து வைத்தியம் ஆரம்பித்தார். எனக்குப் பாதி போய்விட்டதே என்றேன். அடியில் தங்கின கறுப்பு லேசில் போகாது, விட்டால் என்னைப் போல ஆகிவிடும் என்றார். இரண்டு கிண்ணம். அந்தப் பெண்ணுக்கு சோற்றுக்கற்றாழைச் சாறு தடவி, தலையில் துண்டு போட்டு நிழலில் உட்காரவைப்பார். எனக்கு மஞ்சளில் எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்து, கிழக்கே பார்க்க வெயிலில் உட்காரச் சொல்வார். வெயில் பட்டால்தான் மருந்து ஏறுமாம். எரியும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அந்தக் கையை நான் நம்பினேன். ஐஸ் வைத்த அதே கை அல்லவா.

எங்கள் மொட்டைமாடி தெருவில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டுக்கார அம்மாள் என்னிடம், "ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்லயா அடிபட்டுச்சு? என்னா நேரமோ" என்று உச்சுக் கொட்டினார். அவர் எதையோ குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். நான் திருத்துவதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

நாளாக ஆக என் கண்ணுக்குக் கீழே மஞ்சள் போய்க் காவி ஏறியது. காவி போய் அட்டைக் கறுப்பாயிற்று. மாமியார் என்னைப் பார்த்துவிட்டு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அழ ஆரம்பித்தார். ஆனி மாதம், டவுனில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் விரலால் தோலை லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டார். அடிபட்டுக் கட்டின ரத்தம் எப்போதோ கரைந்துவிட்டது, இது தோல் புண்பட்டுப் புதிதாக ஏறின கறுப்பு, எலுமிச்சை தடவிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் வெள்ளைத் தோலே கருத்துவிடும் என்றார். எதையும் தேய்க்காதீர்கள், ஒரு க்ரீம் தருகிறேன், வெளியில் போனால் வெயில் தடுக்கிற களிம்பும் குடையும், பொறுமையாக இருந்தால் சில மாதத்தில் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தார்.

அறியாமையில் செய்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வருத்தப்படாதபடி எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துக்கொண்டு வந்தேன். மொட்டைமாடியில் அந்தப் பெண் மட்டும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. அதனிடம் முதலில் சொன்னேன். அது ஆச்சரியப்படவில்லை. கீழே படிப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

"எலுமிச்சம்பழம் போட்டா கருக்கும்னு அத்தைக்குத் தெரியுங்க்கா. என் மேல ஒரு சொட்டு பட்டதுக்கே ஓடிவந்து கழுவிவிட்டாங்க" என்றது.

அந்தப் பெண் ஈரத் துணியை உதறாமல் கையில் வைத்துக்கொண்டே மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னது. அம்மை இல்லை. கட்டில் கம்பியும் இல்லை. புருஷன் அடிக்கிறபோது அலறல் வெளியே கேட்காமலிருக்கத்தான் அத்தை கிரைண்டரைப் போடுவாராம். அந்த மாவில்தான் நான் தோசை ஊற்றித் தின்றிருந்தேன். கண்ணுக்குக் கீழே அந்தப் பெண்ணுக்கு அதற்குள் இரண்டாம் முறையும் பட்டிருந்தது. ஆறுவதற்குள் பட்டதால் கறுப்பு போகவில்லை. ஆடி பிறந்தால் அப்பா அழைத்துப்போக வருவார். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பாவிட்டால் தெருவே காரணம் கேட்கும்; அனுப்பினால் அங்கே கண்ணைப் பார்ப்பார்கள். ஒரே பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பட்டது என்று காட்டத்தான் நான்.

வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டேன். ஒருமுறை போனில் சொன்னதாம். புருஷன் வீடு என்றால் முன்னே பின்னேதான் இருக்கும், அனுசரித்துப் போ என்றாராம் அப்பா. அதற்கப்புறம் போன் அதன் கையில் இல்லை.

"நான் சொன்னா அப்பா மறுபடியும் விட்டுட்டுப் போயிடுவாருக்கா. அத்தை உங்களைக் கூப்பிட்டுக் காட்டும். பஸ்ல இவ இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா போதும். அடுத்த தடவை கண்ணு போயிடும்க்கா எனக்கு."

அதற்குப் பிறகும் ஆடி பிறக்கும் வரை நான் மாடியில் வெயிலில் உட்கார்ந்தேன். மறுத்தால் வீட்டுக்காரம்மா வேறு காரணம் தேடிக்கொள்வார் என்று தோன்றியது. டாக்டரம்மாவின் க்ரீம் பூசியிருக்கிறேன், அதோடு எலுமிச்சை ஒத்துக்காதாம் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு வெறும் மஞ்சளைத் தடவினார். அந்த விரல் என் முகத்தில் ஊர்ந்தபோதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. அப்போதும் நோகாமல்தான் தடவினார். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

ஆடி முதல் நாள் விக்கிரமங்கலத்திலிருந்து அப்பா வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. தட்டில் மருமகனுக்கு வேட்டி சட்டை, மகளுக்குப் புடவை, ஒரு சீப்பு வாழைப்பழம். மருமகன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். என்னைக் கீழே கூப்பிட்டார்கள். நான் போனபோது அப்பா மகளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவுடருக்கு அடியில் கறுப்பு தெரிந்தது. வீட்டுக்காரம்மா பங்குனியில் நடந்த பஸ் கதையைப் பாதி சொல்லியிருந்தார். சம்பந்திகள் பயப்படுவார்கள் என்று சொல்லாமல் விட்டோம், அதற்குமேல் அம்மை வேறு வந்துவிட்டது என்று மீதியையும் சொன்னார்.

அப்பா என் கண்ணையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்த்தேன். நம்புவதற்கு அவருக்கே ஆசையாக இருந்தது.

"நீங்களும் அந்த பஸ்லதான் வந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஆனா நான் மட்டுந்தான் போனேன். உங்க பொண்ணு அன்னைக்கு வீட்லதான் இருந்துச்சு" என்றேன்.

மகன் என்னைப் பார்த்தான். எப்போதும் போல மரியாதையாகத்தான் பார்த்தான். வீட்டுக்காரம்மா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. தலையில் அடிபட்டதில் பாவம் இந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் நினைவில்லை, இன்னும் வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று சம்பந்தியிடம் என்னைப் பரிதாபமாகக் காட்டினார். அப்பா மறுபடியும் தடுமாறினார். யாரை நம்புவது என்று அவர் கண் எங்கள் முகங்களில் மாறி மாறிப் போனது. அப்போது அந்தப் பெண் முந்தானையைத் தண்ணீர்ச் சொம்பில் நனைத்து, தன் முகத்துப் பவுடரை அழுந்தத் துடைத்தது. துடைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே போய் நின்றது.

"பஸ் இல்லப்பா" என்றது. அவ்வளவுதான் சொன்னது.

பவுடருக்கு அடியில் இருந்தது ஒரே கறுப்பு இல்லை. பழைய காவியின் மேல் நாவல்பழ நிறத்தில் புதிது ஒன்று இருந்தது. பங்குனியில் பட்ட அடி இன்னும் அந்த நிறத்தில் இருக்காது என்பது மாடு கன்று வளர்த்த மனிதருக்குத் தெரியாதா. அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பையை எடுத்துட்டு வா" என்றார் மகளிடம். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் கேட்டைத் தாண்டியபோது எதிர்வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்றிருந்தார். வீட்டுக்காரம்மா என்னைத் தாண்டிக்கொண்டு வேகமாக வாசலுக்குப் போனார். ஆடிக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள், பதினெட்டு கழித்து வந்துவிடும் என்று சிரித்த முகத்தோடு சொல்லி, தெரு திரும்புகிற வரை கையாட்டிக்கொண்டு நின்றார்.

பதினெட்டும் போயிற்று, ஆடியும் போயிற்று. அந்தப் பெண் வரவில்லை. என்னைக் காலி செய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. காலி செய்தால் ஏன் என்று தெரு கேட்கும் அல்லவா. நானே வேறு வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் படியில் ஒதுங்கி நிற்பதும், சாப்பிட்டீர்களா என்று கேட்பதும் நின்றுவிட்டது. கீழ்வீட்டில் இப்போது அவனும் அவன் அம்மாவும் மட்டும்.

புரட்டாசியில் ஒருநாள் காலை மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். வீட்டுக்காரம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுக்க அவர் வாசலுக்குக்கூட வரவில்லை. காய்ச்சல் என்று எதிர்வீட்டுக்கு உள்ளிருந்தபடியே சொல்லியிருந்தார். தலையில் முக்காடு. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். வலது கண் மூடியிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கீழே ஓடி என் பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி எடுத்து ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தேன். அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே, அழுத்தாமல், வைத்து வைத்து எடுத்தேன். முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கண்ணுக்குள் என்ன ஆகியிருக்கிறதோ, நான் கூட வருகிறேன் என்றேன். எப்படி ஆயிற்று என்று அங்கே கேட்பார்களே என்றார். கேட்கட்டும், சொல்லுங்கள் என்றேன்.

அவர் நிமிர்ந்தார். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என் முகத்தைப் பார்த்தார். என் இடது கண்ணுக்குக் கீழே வெகுநேரம் தேடினார். விரலை நீட்டித் தொட்டுக்கூடப் பார்த்தார். டாக்டரம்மா சொன்ன மாதிரி அங்கே தோல் தெளிந்து, பழைய நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது.

"உனக்குத்தான் சுத்தமாப் போயிடுச்சேம்மா" என்றார். "நான் யாரோட பஸ்ல போனேன்னு சொல்லுவேன்?"